வழியில் நின்றுபோன வண்டி



இம்மாத இதழுக்கு வேறொரு பொருள் குறித்து எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். குறிப்புகளும் எடுத்து வைத்தாயிற்று. ஆனால் சென்ற மாதம் ஒரு நண்பகலில், இராமநாதபுரத்திலிருந்து தொண்டி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்தைத் தாண்டிச் சிறிது தொலைவில் என் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. அதன்பின் அந்தக் குறிப்புகளைத் திரும்பப் பார்க்க மனம் வரவில்லை.

வண்டி பழையதன்று, வாங்கி மூன்று ஆண்டுகள்தாம் ஆகின்றன. பெட்ரோல் இருந்தது. விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் நன்றாகவே ஓடத் தொடங்கியது. ஆனால் கியரைப் போட்ட மாத்திரத்தில், யாரோ கழுத்தைப் பிடித்து நெரித்ததுபோல் அணைந்துபோயிற்று. மீண்டும் கிளப்பினேன், மீண்டும் அணைந்தது. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் இருசக்கர வண்டியிலேயே பங்குப் பணி செய்தவன் என்ற பெருமிதம் எனக்கு உண்டு. கிளட்ச் என்று ஐயுற்றேன். பெட்ரோல் வரும் வழி அடைத்துக்கொண்டதோ என்று பார்த்தேன். திறந்து பார்க்கலாம் என்றால் இக்கால வண்டிகளில் எதைத் திறப்பது என்றே தெரியவில்லை. நிழல் என்று சொல்ல ஒரு சீமைக் கருவேல மரம். அதன் கீழ் நின்றுகொண்டு, கடந்து செல்லும் வண்டிகளை எண்ணத் தொடங்கினேன். பதினோர் இருசக்கர வண்டிகள் சென்றன. எண்ணுவதற்கு எனக்கு உரிமை உண்டா என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பன்னிரண்டாவது வண்டி நின்றது. கல்லூரி மாணவன்; இருபது வயதிருக்கலாம். நான் சொன்னதைக் கேட்டான். "கியர் போட்டாத்தான் ஆஃப் ஆகுதா ஃபாதர்?" என்று ஒரே ஒரு வினா. பிறகு சாலையோரத்தில் மண்டியிட்டு, வண்டியின் சைடு ஸ்டாண்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினான். ஸ்டாண்டைப் போட்டபடியே யாரும் ஓட்டிச் சென்று விழுந்துவிடாதிருக்க, அங்கே ஒரு சிறு சுவிட்ச் வைத்திருக்கிறார்களாம். கடற்கரை மணலும் உப்பும் ஏறி அது சிக்கிக்கொண்டால், ஸ்டாண்டை மடக்கிய பின்னும் மடக்கவில்லை என்றே வண்டி நினைத்துக்கொள்ளுமாம். தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவ்விடத்தில் முழுவதும் ஊற்றிக் கழுவினான்; ஸ்டாண்டைப் பத்துப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் அசைத்தான். வண்டி கிளம்பிற்று. கியர் விழுந்தது. அணையவில்லை.

அவன் சென்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. உச்சி வெயிலில், அடுத்த ஊர் வரை கடையே இல்லாத சாலையில், அவன் ஊற்றியது தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

நான் குருவாகி முதன்முறையாகப் பங்குப் பொறுப்பேற்றது 1999ஆம் ஆண்டு. எனக்கு முன்னிருந்த தந்தை ஒரு புல்லட்டை விட்டுச் சென்றிருந்தார். கிளைக்கிராமங்கள் ஒன்பது, அவற்றுள் நான்கிற்குப் பேருந்து கிடையாது. 1950களின் நடுப்பகுதி முதல் சென்னை திருவொற்றியூரில் செய்யப்பட்டுவந்த அந்த வண்டியைப் பற்றி நம் குடும்பத் தலைவர்கள் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கியர் வலப்புறம், பிரேக் இடப்புறம். அதை உதைத்துக் கிளப்புவது ஒரு வழிபாட்டு முறை போன்றது, வரிசை தவறக்கூடாது. முதலில் ஆம்பியர் முள்ளைப் பார்க்கவேண்டும். அது நடுவில் வந்து நிற்கும்வரை மெல்லக் கிக்கரை இறக்கி, இடக்கைப் பக்கம் உள்ள சிறு நெம்புகோலைப் பிடித்து உள்ளழுத்தத்தை வெளியேற்றி, இன்னும் சற்றே இறக்கி, அதன்பின் ஒரே உதை. முள்ளைப் பாராமல் அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். முதல் மாதத்தில் என் வலக்கால் முழந்தாளின் கீழ் பட்ட வடு இன்றும் இருக்கிறது. எங்கள் உபதேசியார் அதைப் 'புல்லட் கொடுத்த அபிஷேகம்' என்பார்.

அக்காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோய் உண்டு; அந்நோய்க்கு மருந்து ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்தே எரிவதால் பிளக்கில் கரி படிந்து தீப்பொறி அற்றுப்போகும். பிளக் ஸ்பானரால் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி மாட்டினால் போதும். மைசூரில் செய்யப்பட்ட யெஸ்டியில் உதைக்கும் கிக்கரே கியர் நெம்புகோலாகவும் ஆகும். அது தேய்ந்துபோனால் புதியவர்கள் திண்டாடுவார்கள். 1980இல் ஓசூரிலிருந்து வரத் தொடங்கிய டிவிஎஸ் 50க்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு: இயந்திரம் நின்றுபோனால் சைக்கிளைப்போல் மிதித்துக்கொண்டே வீடு போய்ச் சேரலாம். மேட்டில் மிதித்தவர்கள் அதைச் சிறப்பு என்று ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு.

பெட்ரோல் தீர்ந்து நிற்பவர்களே அன்றைக்கு மிகுதி. தொட்டியின் அடியில் ஒரு குழாய்த் திருகு இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி திணறினால் அதை ரிசர்வுக்குத் திருப்புவோம். திரும்பப் பெட்ரோல் போட்டபின் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்தவர்கள், அடுத்த முறை ரிசர்வும் இல்லாமல் நடுச்சாலையில் நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன், ஒரு முறையன்று. அப்போதும் ஒரு வழி உண்டு. மோட்டார் சைக்கிளின் தொட்டி குதிரைச் சேணம்போல் நடுக்கம்பியின் மேல் இருபுறமும் தொங்குவது. குழாய் ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கத்தில் அரைக்குவளைப் பெட்ரோல் போக வழியின்றித் தேங்கிக் கிடக்கும். வண்டியைக் குழாய் உள்ள பக்கமாக நன்கு சாய்த்துப் பிடித்தால் அது இப்பக்கம் வழிந்து வரும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போகலாம். இதை எனக்குக் கற்பித்தவர் ஒரு மீன் வியாபாரி. தம் கூடையிலிருந்த மீன் வெயிலில் கெட்டுப்போகும் என்று பதைத்துக்கொண்டே நின்று கற்பித்தார்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தொட்டியின் மூடியில் காற்றுப் புக ஒரு நுண்துளை இருக்கும். புழுதி அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, தொட்டி நிறையப் பெட்ரோல் இருந்தும் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று ஓர் ஓசை. அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடும். தெரிந்தவனுக்கு நொடிப்பொழுது வேலை. தெரியாதவன் நான்கு கிலோமீட்டர் தள்ளுவான்.

நின்ற வண்டியின் அருகே மற்றொரு வண்டி வந்து நிற்பது அந்நாளில் கேட்டுப் பெறும் உதவியாக இருக்கவில்லை. நாங்கள் கை காட்டவும் வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, "என்னண்ணே, பெட்ரோலா பஞ்சரா?" என்று கேட்டுக்கொண்டே இறங்குவார்கள். பெட்ரோல் என்றால் தம் வண்டியின் கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை உருவி ஒரு பாட்டிலில் பிடித்துத் தருவார்கள். சிலர் தொட்டிக்குள் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி எடுப்பதுண்டு. அது தவறான பழக்கம். பெட்ரோல் சிறிதளவு நுரையீரலுக்குள் போனாலும் பெருந்தீங்கு விளையும். பஞ்சர் என்றால் பின்சக்கரத்தைக் கழற்றி, அவ்வழியே வரும் பேருந்தின் கூரையில் ஏற்றி, பழைய டயரைக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கும் கடைக்கு அனுப்பிவிட்டு, சக்கரமில்லாத வண்டிக்குக் காவலாக உட்கார்ந்திருப்போம். நடத்துநர் திரும்பும் நடையில் அதைக் கொண்டுவந்து இறக்குவார். டிக்கெட் கேட்டவரை நான் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக் கருவேல முள்தான். அதற்குத் தார்ச்சாலை, மண்சாலை என்ற வேறுபாடு இல்லை.

எதுவும் ஆகாதபோது கடைசி வழி ஒன்று. தமிழ்நாட்டுச் சாலைகளில் நாள்தோறும் காணலாம். நின்றுபோன வண்டியில் அதன் சொந்தக்காரர் ஏறி அமர்ந்துகொள்வார். உதவ வந்தவர் தம் வண்டியைப் பக்கவாட்டில் சற்றுப் பின்னே ஓட்டிக்கொண்டு, ஒரு காலை நீட்டி, அந்த வண்டியின் பின்புற மிதிப்பானில் வைத்து உந்திக்கொண்டே வருவார். இரண்டு வண்டிகள், ஓர் இயந்திரம். ஒருவர் காலும் மற்றொருவர் வண்டியும் ஒட்டியபடி, இருவரும் ஒரே வேகத்தில் போகவேண்டும். முன்னே இருப்பவர் பிரேக்கைப் பிடித்தால் பின்னே வருபவர் கால் முறியும். ஆகவே அறியாத ஒருவரை அறியாத ஒருவர் முழுமையாக நம்பினாலன்றி இது நடவாது. ஆபத்தான செயல் என்பதில் ஐயமில்லை. நான்கு வழிச்சாலையில் கனரக வண்டிகளுக்கிடையே இவ்வாறு செய்வோரைக் கண்டால் எனக்கே நெஞ்சு பதைக்கிறது. இரவில் செய்யவே கூடாது. எனினும் ஊர்ச்சாலையில், மாலை வேளையில், முன்பின் அறியாத இருவர் அப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டு போவதைக் காணும்போது கண்ணை எடுக்க முடிவதில்லை.

இப்போது நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

2003ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். ஒரு கிளைக்கிராமத்தில் திருப்பலி முடித்து, அங்குள்ள குடும்பச் சண்டை ஒன்றைத் தீர்த்துவைத்துவிட்டுத் திரும்ப இரவு பத்தரை மணி ஆகிவிட்டது. இருமருங்கும் கருவேலங்காடு. நிலவில்லை. சாலையோரம் ஒரு டிவிஎஸ் 50 நின்றது. ஓர் ஆண் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி முக்காடிட்ட ஒரு பெண், கையில் துணிமூட்டை போல் ஏதோ ஒன்று. என் விளக்கொளி பட்டதும் அவர் நிமிர்ந்து கையைத் தூக்கினார்.

அக்காலத்தில் அப்பாதையில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. வண்டி பழுதானதுபோல் நடித்து, நிற்பவரை அடித்துப் பறிக்கிறார்கள். பெண்ணையும் கூட்டி வந்து நிறுத்துகிறார்கள் என்று. யாருக்கு நேர்ந்தது, எந்த ஊரில் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அன்று என் பையில் கோயில் கட்டடத்திற்கென்று அவ்வூரார் கொடுத்த பணம் இருந்தது. பணம் என்னுடையதன்று என்பதையே காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேகத்தைக் குறைத்தேன், பின்பு கூட்டினேன். கண்ணாடியில் அவர் கை இறங்குவது என் சிவப்பு விளக்கின் ஒளியில் ஒரு கணம் தெரிந்தது.

மறுநாள் காலை, எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவருக்கு நற்கருணை கொடுக்க அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். குழந்தைகள் பிரிவின் தாழ்வாரத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார். வேட்டியில் கரி. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். கருவேல மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பிள்ளைக்கு என்ன என்று கேட்டேன்.

"காச்சல் சாமி. ராத்திரி வெட்டு வந்திருச்சு. தூக்கிட்டு வந்தோம், வர்ற வழியில முள்ளு ஏறி டயர் போச்சு. வண்டிய அங்கனயே போட்டுட்டு அஞ்சு மைல் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு கரி லாரியில ஏறுனோம். இப்பத் தேவலை."

"வழியில் வண்டி ஏதும் வரவில்லையா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"ரெண்டு வண்டி போச்சு சாமி. ஒண்ணு புல்லட்டு." அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, உள்ளே கட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

புல்லட்டின் ஓசை ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே கேட்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அன்று எத்தனை புல்லட்டுகள் இருந்தன என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன். நான் ஒன்றும் சொல்லாமல் முதியவரைத் தேடிச் சென்றேன்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு 750 மீட்டர் மேலிருந்து, கடல்மட்டத்துக்கும் 250 மீட்டர் கீழே இறங்கும் பாலைவழி, மறைவிடங்கள் நிறைந்தது. குருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் ஒரு வினா எழுப்பியதுண்டு: அவ்வழியே வந்த குரு ஏன் விலகிப் போனார்? இறந்த உடலைத் தொட்டால் தீட்டு என்ற சட்டத்தை அஞ்சினார் என்பது பேராசிரியர் சொன்ன விளக்கங்களுள் ஒன்று. எனக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது. அவர் பையிலும் கோயில் பணம் இருந்திருக்கலாம்.

அச்சம் பொய்யானது என்று நான் சொல்லவரவில்லை. தனியே செல்லும் பெண்கள் நள்ளிரவில் காட்டுவழியில் வண்டியை நிறுத்தவேண்டும் என்று எந்தப் பங்குத்தந்தையும் சொல்லமாட்டார். ஆனால் நிற்பதற்கும் நில்லாமல் போவதற்கும் இடையே பல படிகள் இருக்கின்றன. இருபதடி தள்ளி, இயந்திரத்தை அணைக்காமல், விளக்கை அவர்கள் மீது படும்படி நிறுத்திக் கேட்கலாம். நிற்க முடியாவிட்டால் அடுத்த ஊர்த் தேநீர்க் கடையில் சொல்லிவிட்டுப் போகலாம். அங்கிருந்து இருவர் சேர்ந்து போவார்கள். அந்த இரவில், மூன்று கிலோமீட்டர் தாண்டி விளக்கெரிந்த ஒரு கடையை நான் கடந்தேன். அங்கேயும் நிற்கவில்லை. மனத்தை உறுத்துவது அதுதான்.

அன்று கைப்பேசி அரிது. 108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் வந்தது 2008இல். இன்று இரண்டும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணை அழைத்தால் சாலை ரோந்து வண்டிக்குத் தகவல் போகும். இதனால் ஒரு புதிய தொல்லையும் முளைத்திருக்கிறது: 'யாராவது கூப்பிட்டிருப்பார்கள்' என்று எல்லாரும் எண்ணிக்கொண்டு எல்லாரும் போய்விடுகிறார்கள். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் காவல்நிலையம், நீதிமன்றம் என்று அலையவேண்டுமே என்ற தயக்கம் நம் இளைஞர்களுக்கு இன்னும் போகவில்லை. அது குறித்துத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உதவி செய்பவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வலிமையை அளித்தது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே இதற்கென்று சேர்க்கப்பட்டுள்ளது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. அவர் பெயரையும் முகவரியையும் சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. ஆலய அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டி வைத்திருக்கிறேன். திருமண அறிக்கைகளுக்குப் பக்கத்தில் ஒட்டினால் எல்லாரும் படிக்கிறார்கள்.

வண்டி நின்றுபோனவர்களுக்கும் ஒரு சொல். முதலில் வண்டியைத் தார்ச்சாலையை விட்டுக் கீழே இறக்குங்கள். பிறகு பழுதைப் பாருங்கள். பின்னே வருபவர் அறியும்படி விளக்கை எரியவிடுங்கள். கிளையை ஒடித்துச் சாலையில் போட்டு வைப்பது நல்ல வழக்கந்தான். கல்லை வைப்பவர்கள்மீதுதான் எனக்குச் சினம். வண்டி கிளம்பியதும் அவர்கள் போய்விடுகிறார்கள், கல் அங்கேயே கிடக்கிறது. இரவில் அதன்மேல் ஏறி விழுபவர் அவர்களுக்கு என்ன தீங்கு செய்தார்? மற்றொன்று: எதையும் கழற்றும் முன் கைப்பிடியருகில் உள்ள சிவப்புச் சுவிட்சைப் பாருங்கள். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினால் பிள்ளைகள் அதை அழுத்தி விளையாடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்து, அச்சுவிட்ச் அணைந்திருப்பது தெரியாமல் வியர்க்க வியர்க்க உதைத்துக்கொண்டிருந்த ஒரு ஆசிரியரை எனக்குத் தெரியும்.

காலம் மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து வந்த புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின், பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. தொட்டிக்குள்ளேயே பம்பு, அழுத்தத்தோடு பெட்ரோல் போகும் குழாய். பழைய நினைப்பில் அதை உருவினால் பீய்ச்சி அடிக்கும். பாட்டிலில் வாங்கி வரலாம் என்றால் பல பங்க்குகளில் தருவதில்லை. (பங்குக்கும் பங்க்குக்கும் ஓர் எழுத்தில்தான் வேறுபாடு; இரண்டிலும் கையில் பாத்திரத்தோடு வருபவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறோம்.) ஆகவே ஒருவருக்கொருவர் கொடுக்கக்கூடிய உதவி சற்றே மாறியிருக்கிறது: பழுது பார்ப்பதைவிட, ஏற்றிக்கொண்டு போய் விடுவது. அந்த மாணவனைப்போல் புதுவகை நோய்களுக்கு மருந்தறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்கு இப்போது தெரியும்.

சமாரியர் உவமையில் நாம் அதிகம் கவனியாத ஒன்று, அவரிடம் எண்ணெயும் திராட்சை இரசமும் இருந்தன என்பது. பயணத்தில் அவற்றை அவர் கொண்டுவந்திருந்தார். என் வண்டிப் பெட்டியில் இப்போது இருப்பவை: பிளக் ஸ்பானர், குறடு, சிறு கம்பிச்சுருள், டார்ச், டியூப்லெஸ் டயரின் துளையை அடைக்கும் ரப்பர்த் திரிகளும் அவற்றைச் செருகும் ஊசியும், கையால் அடிக்கும் காற்றுப் பம்பு, இரண்டு செயின் லாக்குகள், சென்ற மாதத்திலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில். செயின் லாக் என் வண்டிக்குப் பொருந்தாது. அது ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்த இரவுக்கு ஓராண்டு கழித்து, ஒரு விடியற்காலை. இறக்கும் தறுவாயில் இருந்த ஒரு தாய்க்கு நோயில்பூசுதல் அளிக்க விரைந்து சென்றுகொண்டிருந்தபோது, கரி மூட்டம் போடுபவருடைய ஊர் எல்லையில் என் புல்லட்டின் செயின் அறுந்தது. ஓசை கேட்டு ஆட்கள் வந்தார்கள், அவரும் வந்தார். விவரம் கேட்டதும் தம் டிவிஎஸ் 50ஐ உருட்டி வந்து என் கையில் கொடுத்தார். அதில் சென்றேன். அந்த அம்மாள் உயிரோடிருக்கையில் போய்ச் சேர்ந்தேன்.

திரும்பி வந்தபோது, அவர் அறுந்த இடத்தில் புதிய லாக்கைப் போட்டுச் செயினை மாட்டி, கரிக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் புல்லட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் அவரைத் தனியே அழைத்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மறுபுறம் மண்டியிட்டவன்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது. "அன்றைக்கு இரவு போன புல்லட்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் சாமி," என்றார். "இந்தப் பக்கம் இது ஒண்ணுதான."

"அன்றைக்கே தெரியுமா?"

"சத்தம் தெரியாதா?" என்றவர், என் முகத்தைப் பாராமல் குனிந்து செயினைச் சுட்டிக்காட்டினார். "இத இதுக்கு முன்னாடி மாட்டுனவரு லாக்க மாத்தி மாட்டிட்டாரு. மூடுன பக்கம் செயின் ஓடுற திசையப் பாத்து இருக்கணும். தொறந்த பக்கம் முன்னாடி இருந்தா எதுலயாச்சும் மாட்டிக் கழண்டுரும். இனிமே நீங்களே ஒரு பார்வ பாத்துக்கங்க."

ஒரு லாக் மிஞ்சியிருந்தது. அதை ஒரு தாளில் சுற்றி என் சட்டைப்பையில் போட்டார்.